மலை ஏறுவது காலா... கணக்கா?

"ஏங்க, உங்களுக்கு வயசு ஐம்பத்திரண்டு. ஞாபகம் இருக்கா?"

சைக்கிளில் ஜவ்வாது மலையைத் தாண்டிப் போகப் போறேன்னு சொன்னதும் என் வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, "ஏலகிரியில பட்டது போதாதா?"

போதும்தான். அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால், நான் இங்கே சொல்ல வருகிற கருத்தே அந்த அடியிலிருந்து முளைத்ததுதான்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கம். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று பேர் வாங்கின ஊர். விஜயராகவப் பெருமாள் கோயில், ஜடாயு தீர்த்தம், கொஞ்சம் வயல், கொஞ்சம் தறி. நான் தறிக்காரன். பட்டுத் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு முப்பது வருஷம் மிதிகட்டையை மிதித்தவன். அதனால், 'மிதிக்கிறது நமக்குப் புதுசா என்ன?' என்கிற தெனாவெட்டு எனக்கு எப்பவும் உண்டு.

நாள் முழுக்க மிதிக்கிறேனே தவிர, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. நாற்பத்தைந்து வயசில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க அலுப்பாக இருந்தது. பையன் காலேஜுக்கு வாங்கின கியர் சைக்கிள் திண்ணையில் சும்மா கிடந்தது. எடுத்தேன். ஆறு மாசத்தில் இடுப்பு பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 180-லிருந்து 120-க்கு வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு!

வள்ளல் வளைவில் விழுந்தேன்

போன வருஷம் ஒரு நாள், கூட ஓட்டுகிற தம்பி ஒருத்தர், "அண்ணே, ஏலகிரி போலாமா? பதினாலே வளைவுதான்" என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் எங்கள் திட்டம்! வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அடிவாரம் போனோம். காலையில் மாத்திரையைப் போட்டேன். பரபரப்பில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. ஏற ஆரம்பித்தோம்.

ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். எந்த வள்ளலின் வளைவில் விழுந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் விஷயமே. முதலில் கை நடுங்கியது. ஏற்றம், அதனால்தான் என்று நினைத்தேன். சட்டை நனைந்து ஊறியது. வெயில், அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம் தம்பி ஏதோ கேட்க, நான் சம்பந்தமில்லாமல் தறிக்குப் பாவு ஏற்றுவதைப் பற்றிப் பேசினேனாம்! அப்படியே சைக்கிளோடு ஓரமாகச் சாய்ந்துவிட்டேன். நல்ல வேளை, மலைப்பக்கம். மறுபக்கம் சாய்ந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

கடவுள் புண்ணியம், பின்னால் காரில் வந்த ஒரு நர்ஸம்மா இறங்கிப் பார்த்து, "சுகர் மாத்திரை போடுறவரா?" என்று கேட்டு, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். பத்து நிமிஷத்தில் கண் திறந்து 'என்ன ஆச்சு?' என்றேன். அதற்குப் பேர் தாழ் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போவது. நான் போட்டது கிளிமெபிரைடு வகை மாத்திரை. அது உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும். சைக்கிள் மிதிக்கிற தசை வேறு சர்க்கரையை இழுக்கும். வயிற்றில் சாப்பாடும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் மலை என்ன, மாடிப்படியே ஆபத்துதான்.

அன்றைக்கு வீட்டில் போட்ட உத்தரவு: "இனிமே சைக்கிளைத் தொடக் கூடாது!"

'போகாதே' என்பது வைத்தியம் இல்லை

இங்கேதான் என் கருத்து. நம் குடும்பங்களில் ஐம்பது தாண்டினவர் ஏதாவது புதுசாகச் செய்யக் கிளம்பினால் இரண்டே பதில்தான். ஒன்று, "பேசாம வீட்ல கிடங்க." இல்லாவிட்டால், "உங்க இஷ்டம், என்னவோ பண்ணுங்க." முதலாவதில் ஆள் ஈஸி சேரில் உட்கார்ந்து சர்க்கரையை ஏற்றிக்கொள்கிறார். இரண்டாவதில் என்னைப் போல வளைவில் விழுகிறார். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது, "சரி, எப்படிப் போகப் போறீங்க? உட்காருங்க, கணக்குப் போடலாம்" என்று சொல்வது. அதைச் சொல்கிற வீடு நூற்றில் எத்தனை?

தறிக்காரன் பாஷையில் சொல்கிறேன். சேலையின் அழகு ஊடையில் தெரியும். ஆனால் அதைத் தாங்குவது பாவு. பாவு கோணலாக ஓடினால் எவ்வளவு கெட்டிக்காரன் நாடாவை எறிந்தாலும் சேலை உருப்படாது. பல நாள் மலைப் பயணத்தில் மிதிப்பது ஊடை. வீட்டில் உட்கார்ந்து போடுகிற திட்டம்தான் பாவு. நான் ஏலகிரியில் பாவே இல்லாமல் நெய்யப் பார்த்தவன்.

இரண்டு மாசம் கழித்து, நானும் வீட்டுக்காரம்மாவும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். ஜவ்வாது மலையை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு. அந்த நோட்டில் இருந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மலை வேறாக இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

முதல் பக்கம்: டாக்டர்

சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் போங்கள். நாற்பது தாண்டினவர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகைப் பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு... இதில் ஒன்று இருந்தாலும் இ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும் செய்யலாமா என்று அவரையே கேளுங்கள். சும்மா "சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டால், "நல்லதுதானே" என்றுதான் சொல்வார். "நாலு நாள், தினமும் நாலைந்து மணி நேரம், நடுவில் மலை ஏற்றம்" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயண நாட்களில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கூட வருகிற நண்பர் அல்ல! மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ் சர்க்கரை அபூர்வம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன. அவை நீர்ச்சத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தருகிற சில மாத்திரைகள் (பீட்டா பிளாக்கர்) படபடப்பை அடக்கிவிடுவதால் தாழ் சர்க்கரை வருவதே தெரியாமல் போகும். இவ்வளவு இருக்கிறது ஒரு சீட்டுக்குள்!

இன்னொன்று. நீண்ட நேரம் மிதித்த அன்றைக்கு ராத்திரிகூடச் சர்க்கரை இறங்கலாம். உழைத்த தசை அதுவரைக்கும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. படுக்கும் முன் ஒரு முறை விரல் நுனியில் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாம் பக்கம்: கிலோமீட்டர் அல்ல, மீட்டர்

எங்கள் பாதை இது. திருப்புட்குழி, காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி. சுமார் எழுபது கிலோமீட்டர், எல்லாம் சமவெளி. அது முதல் நாள். ஆரணியும் பட்டு ஊர்தான், ராத்திரி தங்கச் சொந்தக்காரர் வீடு உண்டு. இரண்டாம் நாள் போளூர் வரை முப்பது கிலோமீட்டர் மட்டும். மூன்றாம் நாள் போளூரிலிருந்து மலை ஏறி ஜமுனாமரத்தூர். சுமார் நாற்பது கிலோமீட்டர். நாலாம் நாள் காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடி. ஐந்தாம் நாளை வெறுமையாக விட்டோம்.

"மூணாம் நாள் நாற்பதுதானா? முதல் நாளே எழுபது போறோமே" என்று தம்பி சிரித்தார். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். மலையில் கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, எத்தனை மீட்டர் உயரம் என்று பார்க்க வேண்டும். போளூர்ப் பக்கம் தரை கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள். 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிற காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் இருக்கிறது. வித்தியாசமே ஐந்நூறுக்கு மேல். நடுவில் இறங்கி இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் எழுநூறு, எண்ணூறு வந்துவிடும். பழகின சாதாரண மனிதர் ஒரு மணி நேரத்தில் முந்நூறு, நானூறு மீட்டர் உயரம் ஏறினாலே பெரிசு. ஆக, ஏற்றத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். நிற்க, குடிக்க, மூச்சு வாங்க இன்னும் ஒரு மணி. மீதிச் சமவெளி தனி. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் மேலே இருக்க முடியும்.

மாதத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் வேலூர்ப் பக்கத்து வெயில் எல்லாருக்கும் தெரியும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் நம்ம மாதங்கள். வேறு மலை யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உயர நோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வருவது. நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். மணாலியிலிருந்து லே போகிற பாதையில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் இருக்கின்றன. அங்கே கணக்கே வேறு. உடம்பைப் பழக்க நாட்கள் ஒதுக்காமல் போகவே கூடாது.

மூன்றாம் பக்கம்: மேடே இல்லாத ஊரில் பயிற்சி

காஞ்சிபுரம் பக்கம் மேட்டுக்கு எங்கே போவது? எதிர்க்காற்று இருக்கிறதே! ஏரிக்கரையில் எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள், மலை தெரியும். சோளிங்கர் பெரிய மலைக்கு ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மாசம் இரண்டு முறை ஏறினேன். பெருமாளுக்குப் பெருமாள், தொடைக்குத் தொடை!

பன்னிரண்டு வாரம் ஒதுக்கினோம். வாரத்துக்கு நாலு நாள். ஒவ்வொரு வாரமும் பத்துச் சதவீதத்துக்கு மேல் கூட்டவில்லை. நாலாவது வாரம் குறைத்து ஓட்டி உடம்பைத் தேறவிட்டோம். முக்கியமானது, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுவது. பல நாள் பயணத்தில் ஆளைக் கவிழ்ப்பது முதல் நாள் அல்ல, களைத்த காலோடு எழுந்திருக்கிற இரண்டாம் நாள்தான். வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல்: பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

முழங்கால் வலித்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், சீட்டைப் பாருங்கள். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தும்போது கால் நேராக வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் சின்ன மடிப்பு இருக்கும். அதுதான் சரி. அதற்கப்புறமும் வலித்தால் டாக்டர்.

நாலாம் பக்கம்: சட்டைப்பையில் சாப்பாடு

இந்தப் பக்கத்தை எழுதினது வீட்டுக்காரம்மா. "பசிச்சா சாப்பிடறது இல்லைங்க, மணியடிச்சா சாப்பிடணும்" என்றார். உண்மைதான். மலையில் பசி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தில் மணியடிக்க வைத்து, ஒரு பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போனது. எங்கள் கைவசம் இன்னொன்று உண்டே... மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி! காலையில் செய்தது மதியம் வரை கெடாது. மலையில் இதைவிட நல்ல பலகாரம் நான் பார்க்கவில்லை.

தண்ணீர் குடியுங்கள். ஆனால் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள். வியர்வையில் உப்பும் போகிறது. உப்பில்லாமல் தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதை எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாதிரி ஆட்களுக்கு: கிளம்பும் முன் சோதித்து 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டு விட்டுத்தான் ஏற வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் இறங்கி உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. கூட வருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். மலையில் செல்போன் சிக்னல் எங்கெல்லாம் போகும் என்று உள்ளூர்க்காரரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தோம்.

ஐந்தாம் பக்கம்: ஏறுவதைவிட இறங்குவது

ஏறும்போது விழுந்தால் முட்டி. இறங்கும்போது விழுந்தால் மண்டை. இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும். டியூப் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ஆறவிடுங்கள். புறப்படும் முன் பிரேக் கட்டையும் கேபிளும் புதுசு. ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். கியர் விஷயத்தில் வெட்கப்படாமல், பின்னால் பெரிய பல்சக்கரம் போடுங்கள். நிமிஷத்துக்கு எழுபது சுற்று லேசாக மிதிப்பது, நாற்பது சுற்று முக்கி முக்கி மிதிப்பதைவிட முழங்காலுக்கு நல்லது.

வியர்த்து நனைந்த சட்டையோடு இறங்கினால் குளிர் நெஞ்சில் அறையும். பழைய காலத்துப் பந்தயக்காரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் சொருகிக்கொண்டு இறங்குவார்களாம். படித்து முடித்ததும் இந்தப் பத்திரிகையையும் அப்படிப் பயன்படுத்தலாம், ஆசிரியர் கோபிக்க மாட்டார்!

முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பிரான்ஸ் நாட்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910-ல் முதன்முதலாகப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களுக்குள் போனது. அந்த வருஷம் ஜெயித்த ஆக்டேவ் லாபீஸே மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான். அவருக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதற்கு?

"வாக்கிங் போதாதா?"

நியாயமான கேள்வி. போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு இருந்தாலே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு மலை தேவையில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. "சர்க்கரைக்காக நட" என்றபோது பத்து நாளில் நின்றுபோனவன், "பிப்ரவரியில் மலை" என்றதும் பன்னிரண்டு வாரம் ஒரு நாள் விடாமல் எழுந்தேன். நாக்கைக் கட்டினேன். ராத்திரி பத்துக்குப் படுத்தேன். மலை ஒரு சாக்கு. மலைக்காகப் போட்ட ஒழுங்குதான் மருந்து. 2008-லிருந்து டிசம்பர் மாதங்களில் நடக்கிற நீலகிரி சைக்கிள் பயணத்துக்குப் போகிறவர்களில் வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுக்கிற சாதாரண ஜனங்களும் உண்டு. அந்த எட்டு நாளுக்கு முன்னால் அவர்கள் விடியற்காலை எழுந்த மாதங்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உச்சியில் நின்று எடுத்த படத்தைச் செல்போனில் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். கூடவே என்ன சாப்பிட்டீர்கள், எங்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். படத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிற அப்பாக்கள் இருக்கிறார்கள்.

போய் வந்தோமா?

போனோம். மூன்றாம் நாள் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஒரு தடவை சர்க்கரை 84 காட்டியது. உட்கார்ந்து, தின்று, அரை மணி கழித்துத்தான் கிளம்பினேன். தம்பி முணுமுணுக்கவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்கியிருந்தோம். மேலே சாமை வயல்களை அறுத்து முடித்திருந்தார்கள். ஒரு பாட்டி தேனும் சாமைச் சோறும் கொடுத்தார். தேனை மட்டும் தம்பிக்குத் தள்ளினேன்! நாலாம் நாள் வாணியம்பாடியில் மச்சான் வண்டியோடு காத்திருந்தார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி வீரம் காட்ட வேண்டாம் என்பதும் நோட்டில் எழுதியிருந்ததுதான்.

எங்கள் ஊர்த் தாயார் சந்நிதியில் வறுத்த பயறு முளைக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் பயற்றை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்கள். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். நம்பிக்கை வேண்டும். ஆனால் கும்பிட்ட கையோடு குளுக்கோஸ் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா சைக்கிளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நோட்டை வாங்கி, நாலு நாள் சர்க்கரை அளவையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சொன்னார்:

"ஏங்க, அடுத்த தடவை முதல் நாள் செய்யாறு வரைக்கும் நானும் வரேன். எனக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க."

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் மலை என்று ஆரம்பித்தால், கதவைச் சாத்தாதீர்கள். ஒரு நோட்டை வாங்கிக் கொடுங்கள்.